இடிந்த வீட்டின் கல்லும் மீன் தாங்கியும்: வன்னியில் ஒரு கல் பாத்தி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் வன்னியில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் குடியேற்றக் கிராமம் ஒன்றில், அரை ஏக்கர் வளவில் வாழும் ஒரு குடும்பத்தில் 2023ஆம் ஆண்டு யூன் மாதத்துக்கும் 2024 பெப்ரவரிக்கும் இடையில் நடந்தது இது. தாய், உயர்தரம் படிக்கும் மகன், தாயின் தந்தை என மூவர். தாய் வீட்டுத்தோட்டத்தில் கீரையும் மிளகாயும் வைத்துச் சந்தைக்குக் கொடுத்து வருபவர். பெரியவர் 40 ஆண்டுகளுக்கு மேல் மேசன் வேலை செய்தவர். நான் அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமானவன். மீன் வளர்ப்பிலும் தோட்டத்திலும் இருக்கும் ஈடுபாட்டால் ஆலோசனை சொல்லப் போனேன். நடந்த தவறுகளில் ஒன்று என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மீன் வளரும் தாங்கியின் (தொட்டியின்) நீரைக் கல் நிரப்பிய பாத்திக்கு ஏற்றி, பயிர் சத்தை எடுத்துக்கொண்டபின் நீரைத் திரும்பத் தாங்கிக்கு விடும் முறையை அக்குவாபோனிக்ஸ் என்கிறார்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைக் கல்லில் ஒட்டி வாழும் பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. பயிர் நைத்திரேற்றை உறிஞ்சுகிறது. வேருக்குப் பிடிமானம், பற்றீரியாவுக்குக் குடியிருப்பு, கழிவுக்கு வடிகட்டி ஆகிய மூன்று வேலைகளையும் அந்தக் கல்தான் செய்கிறது.

2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது அந்தத் தாயின் மிளகாய்ப் பாத்திகள் பட்ட பாடுதான் இந்த எண்ணத்தின் தொடக்கம். குழாயில் மெல்லிய நீரோட்டம் விட்டுப் பயிர் வளர்க்கும் முறையும் இருக்கிறது. ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை அவர் மறக்கவில்லை. பம்பி நின்றால் குழாயில் உள்ள வேர் ஒரு வெயிலில் காய்ந்துவிடும். கல் பாத்தியோ ஈரத்தைப் பல மணித்தியாலம் பிடித்து வைத்திருக்கும். அதனால் கல் பாத்தி என்று முடிவானது.

அமைப்பு எளிமையானது. உணவுப் பொருள் வந்த 1000 லீற்றர் பிளாஸ்ரிக் கொள்கலன் ஒன்று மீன் தாங்கி. அதே வகையில் இன்னும் இரண்டைக் குறுக்கே வெட்டியதில் கிடைத்த தொட்டிகளில் மூன்று, பாத்திகள். ஒவ்வொன்றும் 1.2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம். கல்லின் ஆழம் 30 சென்ரிமீற்றர். நீர் நிரம்பியதும் தானாக வடிய ஒவ்வொரு பாத்தியிலும் பிவிசி குழாயால் செய்த மணி வடிவச் சைபன். 120 திலாப்பியாக் குஞ்சுகள். எல்லாம் பொருந்தி வந்தன. மிஞ்சியது கல் மட்டும்.

கல்லைத் தேடிய கதை

மூன்று பாத்திக்கும் தேவைப்பட்டது ஏறத்தாழ 1.1 கனமீற்றர். மேசன் கணக்கில் 38 கன அடி, அதாவது அரைக் கியூப்புக்கும் குறைவு (ஒரு கியூப் 100 கன அடி). கருங்கல் சல்லி வவுனியாப் பக்கத்துக் கல்லுடைக்கும் இடங்களிலிருந்து டிப்பரில் வருகிறது. அரைக் கியூப்புக்காக டிப்பர் வராது. வந்தாலும் கூலி கல்லின் விலையை விழுங்கிவிடும்.

அடுத்தது கிரவல். வீதிக்குப் போடும் அந்தச் செம்மண் கலந்த சரளை கிராமத்திலேயே மலிவாகக் கிடைக்கிறது. ஒரு வாளியில் அள்ளி நீரில் கலக்கிப் பார்த்தோம். பத்துத் தடவை கழுவியும் நீர் தேயிலைச் சாயம்போலவே இருந்தது. களி ஒட்டிய கல் பாத்தியை அடைத்துவிடும். அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டு பயிருக்கு வேண்டிய பொசுபரசையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கிரவலை விட்டோம்.

ஆற்றுக் கூழாங்கல் பற்றி மகன் கேட்டான். உருண்டையான கூழாங்கல் கைக்கும் வேருக்கும் நல்லதுதான். ஆனால் ஆற்றிலிருந்து மணலோ கல்லோ எடுத்து ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதி கிடைத்தாலும் ஆற்றைத் தோண்டுவதற்கு நான் துணைபோக மாட்டேன் என்று சொன்னேன். பூநகரிப் பக்கத்திலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் வெள்ளைக் கல் சுண்ணாம்புக்கல் என்பது எல்லோருக்கும் தெரியும். நீரில் கரைந்து, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் பெறுமானத்தை (7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) ஏற்றிவிடும். அதையும் தள்ளினோம்.

அப்போதுதான் தாய் வளவின் மேற்கு மூலையைக் காட்டினார். போரில் இடிந்த பழைய வீட்டின் குவியல் அங்கே கிடந்தது. 2010இல் மீளக்குடியேறியபோது ஒதுக்கி வைத்தது. செங்கல், ஓட்டுத் துண்டு, கொங்கிறீற்று எல்லாம் கலந்த குவியல். "ஐயா கட்டிய வீடு, அண்ணா. அள்ளிக் கொட்டிவிட மனம் வரவில்லை. இதற்காவது உதவட்டும்" என்றார். செலவில்லை, கூலியில்லை, தூக்க வேண்டிய தூரம் முப்பது அடி. செங்கல் துளையுள்ள பொருள். பற்றீரியாவுக்கு மேற்பரப்பு தாராளமாகக் கிடைக்கும். கருங்கல்லைவிட எடையும் குறைவு. எனக்கும் சரியென்றே பட்டது.

முதல் முடிவும் அதற்குச் சொன்ன காரணமும்

கல்லில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க வினாகிரிச் சோதனை போதும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். சில துளி விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும், கருங்கல்லும் செங்கல்லும் நுரைக்காது. மகன் குவியலின் மேலிருந்து மூன்று செங்கல் துண்டுகளை எடுத்து, மண்ணைத் துடைத்து, சிவப்பு முகத்தில் விட்டுப் பார்த்தான். நுரைக்கவில்லை. சோதனை தேறியது என்று எழுதிக்கொண்டோம்.

பெரியவர் அன்றே ஒரு சொல் சொன்னார். "தம்பி, செங்கல் தனியாக நின்று வீடு ஆகவில்லை. இடையில் சாந்து இருக்கிறது." நான் அதைக் கவனிக்கவில்லை. ஒட்டிய சாந்தைத் தட்டிவிட்டால் போதும் என்று பதில் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. தாழ்வாரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாகக் கையில் எடுத்துத் திருப்பி, சாந்தைத் தட்டி, சுத்தியலால் உடைத்தார். பன்னிரண்டு நாள் வேலை. கொங்கிறீற்றுக் கட்டிகள் பெரும்பாலானவற்றை அவரே ஒதுக்கினார். ஆனால் மூன்றாம் பாத்திக்குக் கல் போதாமல் போகவே, சிறு துண்டுகளை மகன் சேர்த்துவிட்டான்.

உடைக்கும்போது ஒரு செங்கல்லின் உள்ளே விரல் நீளத்தில் துருவேறிய இரும்புச் சில்லு இருந்தது. ஷெல் துண்டு. பெரியவர் அதை உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு ஒரு பால்மாப் பேணிக்குள் போட்டார். பிறகு அந்தப் பேணி பாதி நிறைந்தது. அன்று நான் அதைத் துயரமாக மட்டும் பார்த்தேன். மீன் வளர்க்கும் கண்ணோடும் பார்த்திருக்க வேண்டும். அத்தகைய குவியலில் செப்பு, ஈயம், நாகம் பூசிய தகரம் எதுவும் இருக்கலாம். செப்பும் நாகமும் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும். ஈயம் நாம் உண்ணும் கீரைக்குள் போகும்.

கிணற்று நீரின் பிஎச் பெறுமானத்தைத் துளிச் சோதனைப் பெட்டியால் கிணற்றடியிலேயே பார்த்தோம். 7.4. நல்ல தொடக்கம் என்று நினைத்தோம். யூன் மூன்றாம் வாரம் குஞ்சுகளை விட்டு, கங்குன், பசளி ஆகிய கீரைகளும் மிளகாயும் நட்டோம்.

யூலை, ஓகஸ்ட்: கண்டவை

முதல் மூன்று வாரம் குறை தெரியவில்லை. நான்காம் வாரத்தில் மிளகாயின் இளம் இலைகள் வெளிறின. நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானது. பழைய இலைகள் நன்றாக இருந்தன. இளம் இலையில் தொடங்கும் இந்த மஞ்சள் இரும்புக் குறைபாட்டின் அடையாளம். நீரில் காரம் கூடினால் பயிரால் இரும்பைச் சரியாக எடுக்க முடியாது. தாய் அதை உரம் போதாமை என்று எண்ணி மீனுக்குத் தீன் கூட்டினார். தோட்டத்தில் மஞ்சளைக் கண்டால் உரம் வைத்தே பழகிய கை அது. யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

யூலை இறுதியில் பிஎச் 8.4. நீரின் வெப்பநிலை 30 பாகை. இரண்டாம் பாத்தியின் சைபன் நின்றுவிட்டது. நீர் நிரம்பியது, வடியவில்லை. கையை விட்டுக் கிளறியபோது அடியில் கருமையும் அழுகிய முட்டை நாற்றமும் இருந்தன. கையால் உடைத்த கல்லில் முட்டியளவும் உண்டு, தூளும் உண்டு. பெரிய கல்லின் இடைவெளியைச் சிறியது நிரப்பியது, சிறியதன் இடைவெளியைத் தூள் நிரப்பியது. காற்றுப் புகாத இடத்தில் அமோனியாவை மாற்றும் பற்றீரியா வேலை செய்யாது. தாங்கியில் அமோனியா லீற்றருக்கு 2 மில்லிகிராம் காட்டியது.

இங்கேதான் இரண்டு பிழைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. நீரிலுள்ள அமோனியா முழுவதும் மீனுக்கு நஞ்சு அல்ல. அதில் வாயு வடிவில் இருக்கும் பங்குதான் நஞ்சு. 30 பாகையில் பிஎச் 7 என்றால் அந்தப் பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பிஎச் 8இல் ஏழுக்கு மேல். 8.4இல் பதினாறு, பதினேழு. அதே 2 மில்லிகிராம், பிஎச் 7 உள்ள தாங்கியில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு. இந்தத் தாங்கியில் அது அவற்றின் செவுளைச் சுட்டது. ஓகஸ்ட் முதல் வாரத்தில் மீன்கள் தீன் எடுக்க மறுத்தன. விடியலில் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து நின்றன. ஐந்து நாளில் 17 செத்தன.

அயலவர் ஒருவர் சொன்னபடி மகன் தேசிக்காய்ச் சாறு பிழிந்து ஊற்றினான். பிஎச் மாலையில் 7.6க்கு இறங்கியது. மறுநாள் மதியம் மீண்டும் 8.3. இரண்டாம் தடவையும் அப்படியே. அவன் அதைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தான், நன்றாகச் செய்தான். அமிலம் விட்டும் ஒரே நாளில் பழைய இடத்துக்கு ஏறுகிறது என்றால், உள்ளே ஏதோ ஒன்று தொடர்ந்து கரைந்துகொண்டிருக்கிறது. அந்த இரண்டு வரியைப் பார்த்த பிறகுதான் நான் கல்லைச் சந்தேகித்தேன். தேசிக்காயில் உள்ள சித்திரிக் அமிலம் பற்றீரியாவுக்கும் கேடு என்பதால் அதை உடனே நிறுத்தச் சொன்னேன்.

நான்கு போத்தல்கள்

ஓகஸ்டில் மழைநீர் இல்லை. வாகனப் பற்றரிக்கு விடும் வடித்த நீரைக் கடையில் வாங்கினோம். கழுவிய நான்கு சோடாப் போத்தல்களின் கழுத்தை வெட்டி, ஒன்றில் சாந்து துளியும் ஒட்டாத செங்கல், இரண்டாவதில் சாந்து ஒட்டிய செங்கல், மூன்றாவதில் கொங்கிறீற்றுத் துண்டு, நான்காவதில் அயல்வீட்டு வேலைத்தளத்திலிருந்து கேட்டு வாங்கிய கருங்கல் சல்லி போட்டு நீர் விட்டு மூன்று நாள் வைத்தோம்.

மூன்றாம் நாள் மகன் ஒவ்வொன்றிலும் நீர் எடுத்துச் சோதனைத் துளி விட்டான். கருங்கல் நீரிலும் சுத்தமான செங்கல் நீரிலும் நிறம் நடுநிலையை ஒட்டியே நின்றது. மற்ற இரண்டும் அட்டவணையில் கடைசியாக இருக்கும் நிறத்தையும் தாண்டின. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் உள்ளே போய், பாத்தியிலிருந்து ஒரு செங்கல் துண்டும் வினாகிரிப் போத்தலும் கொண்டுவந்தார். துண்டைச் சிவப்பு முகம் மேலாக வைத்து ஒரு துளி விட்டார். அமைதி. திருப்பி, மயிரிழை தடிப்பில் சாம்பல் படலம் ஒட்டியிருந்த பக்கத்தில் விட்டார். ஊசி முனைபோல் குமிழிகள் வரிசையாக எழுந்தன. காதருகே பிடித்தால் கேட்கும் அளவுக்குச் சீறின. சோதனையில் பிழை இல்லை. சோதித்த முகம் பிழை.

பழைய சாந்து என்றாலும் ஆபத்து குறைவதில்லை. வெளிமுகம் ஆண்டுக்கணக்கில் காற்றுப்பட்டுக் காபனேற்றாக மாறியிருக்கும். உடைத்தபோது வெளிவந்த உள்முகத்தில் காரம் இன்னும் மிச்சமிருக்கும்.

ஐந்தாவதாக ஒரு சோதனையும் செய்தோம். இந்த நிகழ்விலிருந்து எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். கிணற்று நீரை வாளியில் எடுத்து, காற்றடிக்கும் சிறு பம்பியை 24 மணித்தியாலம் ஓட விட்டுப் பிறகு அளந்தோம். கிணற்றடியில் 7.4 காட்டிய அதே நீர் 8.0 காட்டியது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வெளியேறியதும் பிஎச் ஏறுகிறது. நம் உலர் வலயத்துக் கிணறுகளில் இருகாபனேற்று மிகுதி. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவம் அதன் சாட்சி. ஆகவே நாங்கள் தொடங்கிய இடம் 7.4 அல்ல, 8.0. கல்லை மாற்றுவதால் மட்டும் எல்லாம் சரியாகாது என்பது அன்று தெரிந்தது.

எடுத்த முடிவுகள்

முதலில் தீனை மூன்று நாள் முழுமையாக நிறுத்தினோம். காற்றடிக்கும் பம்பியை இரவும் பகலும் ஓட விட்டோம். நீரில் ஐந்திலொரு பங்கை இரண்டு தடவை மாற்றினோம். அதற்கு மேல் மாற்றவில்லை. வேறு குணமுள்ள நீருக்குள் மீனைத் திடீரெனத் தள்ளுவது அவற்றுக்கு இன்னொரு அடியாக இருந்திருக்கும்.

கல்லுக்கு வழி அயலில் பிறந்தது. நான்கு வீடு தள்ளி வீட்டுத் திட்டத்தில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அடுத்த டிப்பரில் அவர்களுக்கு வரும் முக்கால் அங்குலக் கருங்கல் சல்லியோடு நமக்கும் அரைக் கியூப் சேர்த்து ஏற்றிவரச் சொன்னோம். கூலியைப் பங்கிட்டதால் தாய் கொடுத்தது தனி டிப்பருக்கு ஆகியிருக்கக்கூடியதில் மூன்றிலொன்றுக்கும் கீழ். அங்கிருந்து லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் இரண்டு நடையாக வந்தது. யூன் மாதத்திலும் அந்த வேலைத்தளம் அங்கே இருந்தது. கல்லின் விலையைக் கேட்டோமே தவிர, யாருடைய லோட்டில் பங்கு போடலாம் என்று கேட்கவில்லை.

இம்முறை வந்திறங்கிய சல்லிக் குவியலின் மேல், நடு, அடி என ஐந்து இடத்தில் ஒவ்வொரு கைப்பிடி எடுத்துச் சோதித்தோம். அதில் வெள்ளை மணிகள் சில இருந்தன. பெரியவர் அவற்றை இடித்துத் தூளாக்கி வினாகிரி விடச் சொன்னார். சில வகைச் சுண்ணாம்புக்கல் கட்டியாக இருக்கும்போது நுரைக்காது, தூளாக்கினால்தான் காட்டிக்கொடுக்கும். இவை நுரைக்கவில்லை, குவார்ட்சு எனப்படும் வெண்ணிறப் படிகக் கற்கள். பிறகு 10 மில்லிமீற்றருக்குச் சிறியதை மேசன் அரிதட்டால் அரித்து நீக்கி, வெட்டிய பரலில் போட்டு நீர் தெளியும்வரை ஏழு தடவை கழுவினோம். கருங்கல் தூளையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. அது அடியில் சேறாகப் படியும்.

எடையும் கணக்கிட வேண்டியிருந்தது. ஒரு பாத்திக்கு 0.36 கனமீற்றர் சல்லி 550 கிலோ வரை வரும். அதன் இடைவெளியில் நிற்கும் நீர் இன்னும் 150 லீற்றர். செங்கலுக்குப் போதுமாக இருந்த பலகை மேடை இதற்குப் போதாது. பெரியவர் பனங்குற்றிகளைக் குறுக்கே போட்டு, கறையான் ஏறாதபடி கீழே சீமெந்துக் கல் வைத்து மாற்றினார்.

மூன்று பாத்தியையும் ஒரே நாளில் மாற்றவில்லை. பற்றீரியா முழுவதையும் ஒரே நாளில் வெளியே கொட்டினால் தாங்கி மறுபடி முதல் நாளுக்குப் போய்விடும். மீண்டும் ஐந்தாறு வாரம் காத்திருக்க வேண்டும். அதனால் மிக மோசமான இரண்டாம் பாத்தி முதலில், பத்து நாள் இடைவெளியில் மற்றவை. சாந்து ஒட்டாத பழைய செங்கல் துண்டுகளை வலைப் பையில் கட்டிப் புதிய கல்லுக்கு நடுவே வைத்தோம். பற்றீரியா அங்கிருந்து பரவியது. பிறகு அந்தப் பைகளையும் எடுத்துவிட்டோம்.

பின்னர் நடந்தது

செப்டெம்பர் நடுப்பகுதியில் மூன்று பாத்தியும் மாறியிருந்தன. அமோனியா 0.25க்கு இறங்கியது. மீன் சாவு நின்றது. பிஎச் 7.8க்குக் கீழே வரவில்லை. அது கிணற்று நீரின் பங்கு. இளம் இலைகளின் மஞ்சளுக்கு, காரத்தன்மையிலும் செயல்படும் செலேற்று இரும்பைச் சிறிதளவு சேர்த்தோம். இரண்டு வாரத்தில் மிளகாய்க் கொழுந்து பச்சையானது. பழைய மஞ்சள் இலைகள் மஞ்சளாகவே இருந்து உதிர்ந்தன.

ஒக்டோபர் கடைசியில் மழை தொடங்கியதும் தகரக் கூரையின் பீலியில் பரல் வைத்தார்கள். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டு, பிறகு வந்ததைச் சேமித்து, குறையும் நீரைக் கிணற்றுக்குப் பதிலாக அதிலிருந்து நிரப்பினார்கள். பற்றீரியா அமோனியாவை மாற்றும்போது நீரின் காரத்தைச் செலவழிக்கிறது. அதனால் பிஎச் தானாகவே மெல்ல இறங்கும். டிசெம்பர் நடுவில் 7.1. கங்குன் வாரம் ஒரு தடவை வெட்டும் அளவுக்கு வந்தது.

யனவரியில் எதிர்ப்பக்கம் போனது. மழைநீரே தொடர்ந்து போனதால் பிஎச் 6.3. பெரியவர் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்த சிப்பி ஓட்டை இடித்து, இரண்டு கைப்பிடி துணிப் பையில் கட்டி, நீர் விழும் இடத்தில் தொங்கவிட்டார். 6.8 ஆனதும் பையை எடுத்தார். நாங்கள் ஓடி விலகிய அதே சுண்ணாம்புதான், ஆனால் இப்போது வேண்டிய அளவு போடவும் வேண்டாதபோது எடுக்கவும் முடிகிறது. பாத்தி முழுவதும் அதுவே என்றால் எடுக்க வழியில்லை.

பெப்ரவரியில் பிடித்த மீன்கள் 200 முதல் 250 கிராம். எதிர்பார்த்ததைவிடச் சிறியவை. ஓகஸ்டில் இழந்த வளர்ச்சி திரும்பி வரவில்லை.

அடுத்த தடவை மாற்றிச் செய்வது

கிணற்று நீரை ஒரு நாள் காற்றூட்டிய பிறகே அளப்போம். கல்லை வாங்குவதற்கு முன் ஐந்து இடத்துக் கைப்பிடியை வடித்த நீரில் ஒரு வாரம் ஊறவைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் பிஎச் பார்ப்போம். வினாகிரி விரைவான முதற்சோதனை, போத்தல்தான் தீர்ப்பு.

இடிபாட்டுக் குவியலை உணவுப் பயிருக்கும் மீனுக்கும் பயன்படுத்தவே மாட்டோம். சாந்து மட்டும் காரணமல்ல, உலோகமும் பழைய வர்ணப்பூச்சும் கூடக் காரணம். கைவிடப்பட்ட வளவுகளில் கல் பொறுக்கப் போகவும் வேண்டாம். இனந்தெரியாத பொருள் கண்ணில் பட்டால் தொடாமல் அறிவிக்க வேண்டும். சூளையில் நன்றாக வெந்த, கட்டிடத்தில் படாத உடைந்த செங்கல் கிடைத்தால் அது வேறு. ஒரு துண்டை ஒரு வாரம் ஊறவைத்து விரலால் தேய்த்துப் பார்த்து, கரையாமல் இருந்தால், எடையும் விலையும் குறைந்த நல்ல பொருள் அது. தாய் நான்காவது பாத்திக்கு ஒட்டுசுட்டான் பக்கத்துச் சூளையின் உடைசலைக் கேட்டிருக்கிறார்.

தொடக்கத்தில் மீனின் தொகையையும் பாதியாக்குவோம். மூன்று பாத்தியின் 3.6 சதுர மீற்றர் பரப்பில் கீரை வளர்க்க நாளொன்றுக்கு 150 முதல் 180 கிராம் தீன் போதும். பற்றீரியா பெருகும்வரை அதிலும் கால் பங்குதான்.

பழைய வீட்டின் கல்லை அந்தத் தாய் வெளியே கொட்டவில்லை. சாந்து ஒட்டிய துண்டுகளைப் பெரியவர் கிணற்றடியிலிருந்து பாத்திவரை நடைபாதையாகப் பதித்திருக்கிறார். மழையில் சேறாகும் இடம் அது. மீன் தாங்கிக்குள் அந்தப் பாதையின் நீர் வழியாதபடி ஒரு சாண் உயரத்துக்கு வரம்பும் கட்டியிருக்கிறார்.